தப்பாக மிதித்தால் ‘பீப்’

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்த வேலை. அதனால் வாரத்தில் நான்கு நாள் விடிந்ததும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைப் பக்கமாக ஓடுவேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மேடு பள்ளமில்லாத தார் ரோடு. போன வருடம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. ஷூவை மாற்றியும் நிற்கவில்லை. அப்புறம்தான் மிதிக்கிற விதத்தைச் சந்தேகப்பட்டேன்.

முதலில் காசில்லாத வேலை. வழக்கமான வேகத்தில் ஓடிக்கொண்டே, வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். எனக்கு 38 வந்தது, அதாவது இரண்டு காலும் சேர்த்து நிமிடத்துக்கு 152 காலடி. எண்ணச் சோம்பலா? ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் போனுக்குள் இருக்கும் சென்சாரையே படிக்கும். போனை இடுப்பின் பின்பக்கம் இறுக்கிக் கட்டி ஓடுங்கள். சட்டைப் பையில் போட்டால் பை ஆடுகிற ஆட்டத்தைத்தான் அளக்கும்.

இந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், பெரும்பாலும் காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி வைக்கிறோம். ஒவ்வொரு அடியும் பிரேக் பிடிக்கிற மாதிரி. வேகத்தைக் கூட்டாமல் அடிகளின் எண்ணிக்கையை மட்டும் 5 சதவீதம் கூட்டினாலே முழங்காலுக்குப் போகும் பாரம் குறைகிறது. சீராக ‘டிக் டிக்’ என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பில் நிமிடத்துக்கு 160 வைத்து, ஒரு நிமிடம் சத்தத்தோடு, ஒரு நிமிடம் சத்தமில்லாமல் ஓடினேன். எல்லோரும் சொல்கிற 180-ஐத் துரத்த வேண்டாம். ஆளின் உயரத்துக்கும் வேகத்துக்கும் தகுந்தபடி அது மாறும்.

அடுத்தது என் கைவேலை. அதிர்வை அளக்கும் எம்.பி.யு. 6050 என்ற சின்ன சென்சார், அதைப் படிக்கும் குட்டிக் கம்ப்யூட்டரான ஒரு ஈ.எஸ்.பி. 32 போர்டு, ‘பீப்’ சத்தம் போடும் ஒரு பஸ்ஸர். சென்சாரைக் கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கம் சதையில்லாத எலும்பின் மேல் வைத்து இறுகக் கட்ட வேண்டும். தளர்ந்தால் அளவு பொய். சென்சார் அளக்கும் உச்ச எல்லையை 16 ஜி-க்கு (புவியீர்ப்பைப் போல 16 மடங்கு) மாற்ற மறக்காதீர்கள். முதலில் இருக்கும் 2 ஜி-யிலேயே விட்டால் ஒவ்வொரு அடியும் உச்சியில் முட்டி நிற்கும். நான் இதில் ஒரு வாரம் வீணடித்தேன். பிறகு பஸ்ஸரைக் கட்டாமல் பத்து நிமிடம் ஓடி, அடியின் அதிர்வுக்குச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியில் பத்தில் எட்டுப் பங்கைத் தாண்டினால் மட்டும் சத்தம் வரும்படி வைத்தேன். சரியாக மிதித்தால் அமைதி, ஓங்கி மிதித்தால் பீப். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் வந்தால் காது சீக்கிரமே அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

சத்தத்தை ஏமாற்றவும் வழி இருக்கிறது. நான் நுனிக்காலில் ஓடினேன். பஸ்ஸர் வாயே திறக்கவில்லை, ஆனால் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் கடைப் படி ஏற முடியவில்லை. அடியைச் சுருக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மெத்தென்று இறங்குவதுதான் வழி. கடற்கரை மணலில் ஓடினாலும் அதிர்வு குறைவாகத்தான் காட்டும். அது மணலின் வேலை. அதனால் தார் ரோட்டு அளவைத் தார் ரோட்டு அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இன்னொரு தொல்லை. அரிச்சல்முனைக்குப் போகும்போது காற்று வலது காதில் இரையும், பஸ்ஸர் கேட்காது. அதை இடது தோள்பட்டைப் பக்கம் மாட்டி, திரும்பும்போது வலது தோளுக்கு மாற்றிவிடுவேன். இரண்டு காதையும் இயர்போனால் அடைக்காதீர்கள், பின்னால் வேன் வரும்.

சத்தத்தைப் படிப்படியாகக் கழற்ற வேண்டும். இப்படி ஒலி கொடுத்து ஓடப் பழக்கிய ஆய்வுகளில் 8 பயிற்சி அமர்வு வைத்து, முதல் நான்கில் முழுக்க ஒலி கொடுத்து, அடுத்த நான்கில் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எனக்கு 8 போதவில்லை, 14 ஆனது. இப்போது மாதம் ஒரு முறை மட்டும் கட்டிப் பார்க்கிறேன்.

ஓடி முடித்ததும் போர்டை ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் சார்ஜிங் பின் பச்சை பூத்துவிடும். அப்படி வருகிற போன்களைத்தான் தினமும் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.