பழ ஈயைப் பார்த்து எந்த மரபணு மாறியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஆய்வுக்கூடத்துக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் சாதாரண ஈயைத்தான் கையில் கொடுப்பேன். மயக்கி, வெள்ளை அட்டையில் போட்டு, மெல்லிய தூரிகையால் புரட்டிப் புரட்டி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மார்பில் மூன்று கண்டம், அதாவது துண்டு; கண்டத்துக்கு ஒரு ஜோடிக் கால். நடுக்கண்டத்தில் இறக்கை. மூன்றாவதில் இறக்கைக்குப் பதிலாகக் குண்டூசித் தலை மாதிரி ஓர் உருண்டை; பறக்கும்போது சமநிலை காக்கும் ஹால்டியர் அது. ஆண் ஈயின் முன்னங்காலில் மட்டும் கருப்பாகச் சின்னச் சீப்பு ஒன்று இருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சரி, இப்போது மரபணு மாறிப் பிறழ்ந்த ஈ. எது கெட்டுப்போனது என்று தேட ஆரம்பித்தால் குழம்பிவிடுவீர்கள். எந்தக் கண்டம் தன்னை எந்தக் கண்டமாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். கண்டத்துக்கு விலாசம் எழுதுவது ஹாக்ஸ் மரபணுக்களின் வேலை. அவற்றின் புரதங்கள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு மற்ற மரபணுக்களை ஏவும், அடக்கும். பழ ஈயில் இவை எட்டு; தலைக்கானவை ஒரு முனையில், வயிற்றின் கடைசிக்கானவை மறுமுனையில் என்று குரோமோசோமிலும் உடம்பின் வரிசையிலேயே நிற்கின்றன. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இது சிலிர்க்கும். மனிதருக்கு 39, நான்கு கொத்துகளாக.

நான்கு இறக்கை ஈயை எடுங்கள். இறக்கையை மட்டும் எண்ணிவிட்டு நகராதீர்கள், முதுகையும் பாருங்கள்: அதுவும் இரட்டித்திருக்கும். மூன்றாம் கண்டம் முழுக்க இரண்டாவதாகிவிட்டது. அங்கே அல்ட்ராபைத்தொராக்ஸ் என்ற ஹாக்ஸ் மரபணு அணைந்திருக்கிறது, அதாவது வேலை செய்யவில்லை. உடம்பு முழுக்க அணைந்திருந்தால் இது முழு ஈயாக வளர்ந்தே இருக்காது. மரபியலாளர் எட்வர்ட் லூயிஸ் பல பத்தாண்டுகள் இப்படிப்பட்ட ஈக்களோடு உட்கார்ந்துதான் இதைப் பிரித்தறிந்தார். 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்து, உணர்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கால் முளைத்த ஈ. எந்தக் கால்? ஆண் ஈயாகப் பார்த்து எடுத்தால் சீப்பு இருக்காது, ஆகவே முன்னங்கால் இல்லை. அது நடுக்கால். நடுக்கண்டத்துக்குரிய ஹாக்ஸ் மரபணுவான ஆன்டெனாபீடியா தலையில் தப்பாக எரிகிறது, அதாவது வேலை செய்கிறது. பெரும்பாலும் கணக்கு இதுதான்: ஹாக்ஸ் அணைந்தால் பின்பகுதி முன்பகுதி போலாகும், தப்பான இடத்தில் எரிந்தால் முன்பகுதி பின்பகுதி போலாகும்.

காலில் கண் முளைத்த ஈக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. கால் காலாகவே இருக்கிறது, அதன்மேல் ஓர் உறுப்பு கூடியிருக்கிறது. இங்கே வேலை செய்வது ஹாக்ஸ் இல்லை, கண்ணை உருவாக்கச் சொல்லும் ஐலெஸ் மரபணு. 1995இல் உயிரியலாளர் வால்டர் கெரிங்கின் குழு இதைக் காட்டியது. அதற்கு இணையான எலியின் மரபணுவை ஈக்குள் புகுத்தியபோதும் முளைத்தது ஈயின் கூட்டுக்கண்தான். அதனால் காலில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் உருப்பெருக்கத்தைக் கூட்டி, கட்டம் கட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்.