புரட்டாதிப் பின்னேரம்: எப்போது இறங்குவது?

வவுனியா டவுன் கொழும்பு போல பெரிசில்லைத்தான். ஆனால் புரட்டாதியில் ஒரு பின்னேரம் இங்கே நடந்து பாருங்கோ. நேரம்தான் முக்கியம். 5 மணிக்கு முன் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கும். செப்டெம்பர் 23 அளவில் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். 6 மணி தாண்டின கையோடு சூரியன் மறைந்துவிடும். ஆக, கையில் இருப்பது ஒரு மணித்தியாலம்.

வறுத்த கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறுங்கோ. தண்ணீர் வற்றிக் கிடக்கிற காலம், கரைச் சேற்றில் கொக்குகள் மேயும். மாரியில் குளம் நிரம்பினால் இந்தக் காட்சி கிடைக்காது.

சனிக்கிழமை என்றால் மத்தியானமும் சேர்த்தி. புரட்டாதிச் சனி விரத வீடுகளில் வாழையிலைச் சாப்பாடு. காகத்துக்கு வைத்த பிறகுதான் எங்களுக்கு. யாரும் கூப்பிட்டால் மறுக்காதேங்கோ!

ஒக்டோபர் பிறந்தால் கதை வேறு. இடியும் மழையும் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். முதல் இடி கேட்டதும் குளக்கட்டிலோ மரத்தடியிலோ நில்லாமல் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்துவிடுங்கோ. பிளேன்டீயும் சுடச்சுட உளுந்து வடையும் வந்துவிட்டால், மழை விடவேண்டும் என்று எனக்கு அவசரமே இல்லை.