மடக்குக்கத்தியின் லாக்கை நம்பலாமா? வீட்டில் சோதித்துப் பார்க்கும் முறை

மடக்குக்கத்தியின் லாக் என்பது, திறந்த அலகு கை மேல் மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்தும் பூட்டு. கனமான வேலைக்கு மடக்குக்கத்தி தேடுகிறவர்கள் பெரும்பாலும் "லாக் எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். கை வேலையில் லாக் உடைந்து போவது அபூர்வம். விரலைப் பதம் பார்ப்பது நழுவுகிற லாக். நூறு கிலோ தாங்கும் லாக், பத்துத் தடவையில் ஒரு தடவை லேசான தட்டலுக்கே விட்டுவிடும் என்றால் அந்த நூறு கிலோவால் ஒரு பயனும் இல்லை. வலிமை வேறு, நம்பகம் வேறு. வலிமை பெரும்பாலும் வடிவமைப்பைப் பொறுத்தது. நம்பகம் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கத்தியைப் பொறுத்தது. அதனால் சோதித்துப் பார்க்காமல் தெரியாது.

தேவையானவை: மாஸ்கிங் டேப், கெட்டி அட்டை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பெர்மனன்ட் மார்க்கர், பல்குச்சி, டார்ச், T6, T8, T10 டார்க்ஸ் முனைகள் (நட்சத்திர வடிவத் திருகுக்கானவை), பட்டறை வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி), இரண்டு மரத்துண்டுகள், 5 லிட்டர் தண்ணீர் கேன், துணிப்பட்டை. டார்க்ஸ் முனையில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மெத்தென்ற முனை திருகின் தலையை வழித்துவிடும், பிறகு அந்தக் கத்தியைப் பிரிக்கவே முடியாது.

படி 1: எந்த லாக் என்று பாருங்கள்

பிடியின் முதுகில் அழுத்தி விடுவிப்பது லாக்பேக். 1964-இல் வந்த பக் 110 கத்தி இதற்கு நல்ல உதாரணம். பிடியின் உள்ளே ஒரு தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியை (அலகு சுழலும் அச்சாணிப் பக்கத்துப் பின்முனையை) தாங்கினால் லைனர் லாக். பிடியின் ஒரு பக்கமே அந்த வேலையைச் செய்தால் ஃபிரேம் லாக். ஒரு குறுக்குக் கம்பி முன்னும் பின்னும் நகர்ந்தால் ஆக்ஸிஸ் வகை. இது 1998-இல் பெஞ்ச்மேட் கத்திகளில் வந்தது. லாக்பேக் போலவே தோன்றி, அலகுக்கும் லாக்குக்கும் நடுவே ஒரு தடுப்பு ஊசி இருந்தால் ட்ரை-ஆட். ஓபினெல் கத்தியில் இருப்பது திருகு வளையம், 1955-இல் சேர்த்தது.

படி 2: சுத்தம் செய்த பிறகே சோதனை

அலகின் கூர்ப்பக்கத்தை டேப்பால் நான்கைந்து சுற்று மூடுங்கள். கடைசிப் படி வரை அது அப்படியே இருக்கட்டும். லாக் படும் முகங்கள் இரண்டையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். லாக்பேக்கில் லாக் வந்து விழும் குழியைப் பல்குச்சியால் கிளறினால் சட்டைப்பை நூல்துகள் உருண்டையாக வரும். அந்த உருண்டை இருக்கும்வரை லாக் முழுதாக உட்காராது. புதுக் கத்தியையும் துடைக்க வேண்டும், தொழிற்சாலை எண்ணெய் அங்கேதான் தேங்கி நிற்கும்.

படி 3: மார்க்கர் சோதனை

பலரும் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

லைனர், ஃபிரேம் லாக்குகளில் அலகின் அடி சற்றுச் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். பொதுவாக 7 முதல் 9 பாகை வரை. இந்தச் சரிவால்தான் தேயத் தேய லாக் இன்னும் உள்ளே நகர்ந்து இறுக்கமாகவே நிற்கிறது. அதே சரிவில்தான் லாக் வழுக்கி வெளியேறவும் செய்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. சரிவு அதிகமானாலோ, முகத்தில் எண்ணெய் படிந்தாலோ உராய்வு தோற்றுவிடும்.

அலகின் அடிமுகத்தில் மார்க்கர் பூசி ஒரு நிமிடம் காயவிடுங்கள். கறுப்புப் பூச்சு அலகென்றால் வெள்ளி நிற மார்க்கர். வழக்கமான வேகத்தில் பத்து முறை திறந்து மூடிவிட்டு, மை அழிந்த இடத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சாணியிலிருந்து தள்ளி, முகத்தின் கீழ்ப்பகுதியில் அழிந்திருந்தால் நல்லது. நெம்புகோல் நீளமாக இருப்பதால் லாக் ஆடாது. அச்சாணிக்கு அருகே உள்ள மூலையில் மட்டும் ஒரு புள்ளியாக அழிந்திருந்தால், அழுத்தம் வரும்போது அலகு அந்தப் புள்ளியில் ஊசலாடும். அப்படிப்பட்ட கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லாக் அடிமுகத்தின் அகலத்தில் கால் பங்கு முதல் பாதி வரை ஏறி நிற்பது சரி. விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் ஆபத்து. எதிர்ப்பக்கம் வரை போய்விட்டால் தேய்மானத்துக்கு இடமில்லை.

பார்த்து முடித்ததும் மையை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். மை ஒரு மசகு. அதை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போனால் நல்ல லாக்கும் வழுக்கும். லாக் ஒட்டிக்கொள்கிறது என்று பென்சில் கரியைத் தேய்க்கும் பழக்கமும் இதே காரணத்தால் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டுவது தொந்தரவு, வழுக்குவது காயம்.

படி 4: ஆட்டம்

பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் அச்சாணித் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். மறுபடி தளர்ந்தால் திருகு தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட், நீல நிறம், ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் திருகால் தீராது, அது லாக் உட்காரும் கோளாறு. லாக்பேக்கில் மயிரிழை ஆட்டம் பரவலாக உண்டு, பொறுக்கலாம். லைனர் லாக்கில் பொறுக்கக் கூடாது.

படி 5: தொங்கும் சுமை

பிடியின் வால்பகுதியை மட்டும் மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து வைஸில் பிடியுங்கள். அலகின் முதுகு மேலே இருக்கட்டும். ஃபிரேம் லாக்கின் தகடு வைஸுக்குள் மாட்டக் கூடாது. மாட்டினால் வைஸே லாக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், எந்தக் கத்தியும் தேறிவிடும்.

டேப் சுற்றிய கூரின் மேல் அட்டையை மடித்து ஒட்டி, அச்சாணியிலிருந்து 7 செ.மீ. தள்ளித் துணிப்பட்டையை மாட்டி, தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். கேனின் அடி தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். ஒரு லிட்டரில் தொடங்கி ஒவ்வொரு லிட்டராக ஊற்றுங்கள். ஊற்றும் கை அலகுக்குக் கீழே போகக் கூடாது.

5 கிலோ அற்பமாகத் தோன்றும். லாக் தொடும் இடம் அச்சாணியிலிருந்து 7 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 70 மி.மீ. தள்ளித் தொங்கும் 5 கிலோ அந்த முகத்தில் 50 கிலோவாக விழுகிறது. சில சதுர மில்லிமீட்டர் பரப்பில் 50 கிலோ. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், கத்தியைப் பாழாக்குவது நோக்கமல்ல.

படி 6: தட்டல்

நிதானமான சுமையைத் தாங்கும் லாக் அதிர்ச்சியில் துள்ளி விடலாம். பிடியின் கடைப்பகுதியை இரு பக்கமும் பிடித்து, அலகு வந்து விழும் பள்ளத்தின் வாயில் ஒரு விரலும் இல்லாமல், மரப்பலகையில் அலகின் முதுகை ஐந்தாறு முறை மணிக்கட்டின் அசைவு மட்டும் கொண்டு தட்டுங்கள். ஓங்கி அடிக்கும் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள். ஓங்கி அடித்தால் லாக் முகம் நசுங்கி, நல்ல கத்தியும் கெட்டுவிடும். சரிவுக்கோணம் தவறிய லாக் லேசான தட்டலுக்கே விட்டுவிடும், அது தெரிந்தால் போதும்.

படி 7: முறுக்கல்

இன்னும் டேப் சுற்றிய நிலையில், அலகை ஒரு கட்டையின் பிளவில் செருகி, பிடியை இறுக்கிப் பிடித்து இரு பக்கமும் திருப்புங்கள். இங்கேயும் விரல்கள் பள்ளத்தின் வாய்க்கு வெளியே இருக்க வேண்டும். லாக்பேக்கில் உள்ளங்கைச் சதை விடுவிப்பானை அழுத்துகிறதா? லைனர் லாக்கில் விரல் தகட்டை இழுக்கிறதா? ஃபிரேம் லாக்குக்கு இந்தப் படியில் ஒரு சாதகம் உண்டு. கை இறுக இறுக லாக்கும் சேர்ந்து இறுகும்.

தேறவில்லை என்றால்

மறுபடி துடைத்து, அச்சாணியைச் சரிசெய்து, 5-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். அப்போதும் நழுவினால் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். அரத்தால் அடிமுகத்தைத் தேய்க்க வேண்டாம். அரை பாகை மாறினாலும் லாக் வேறு லாக் ஆகிவிடும். தகட்டை வளைத்து விசை கூட்டுவதும் கண்மதிப்பில் செய்யும் வேலையல்ல.

எதை வாங்கலாம்

கனமான வேலைக்கு என் முதல் தேர்வு ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ட்ரை-ஆட். கோல்ட் ஸ்டீல் கத்திகளில் கிடைக்கும். சுமையைத் தடுப்பு ஊசி வாங்கிக்கொள்வதால் லாக்கின் அச்சு தப்பிக்கிறது, தேய்மானத்தையும் லாக் தானே ஈடுகட்டிக்கொள்ளும். விடுவிக்கக் கட்டைவிரல் வலிக்கும், அது ஒன்றுதான் குறை. அடுத்தது ஆக்ஸிஸ். அதன் கம்பியைத் தள்ளும் ஸ்பிரிங்குகள் மயிர் போல மெல்லியவை, ஆனால் இரண்டு இருப்பதால் ஒன்று முறிந்தாலும் மற்றது வேலை செய்யும். ஓபினெல் வளையம் எளிமையானது, உறுதியானது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்களே திருக வேண்டும், மறந்தால் லாக்கே இல்லை.

பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே கூர் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியை எடுத்துச் செல்லலாம் என்ற விலக்கு, லாக் உள்ள கத்திக்குப் பொருந்தாது. தக்க காரணம் வேண்டும்.

பின்சேர்க்கை: விறகு பிளப்பது

கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மடக்காத கத்தி இருந்தால் அதை எடுங்கள். மடக்குக்கத்தி மட்டுமே இருந்தால் லாக்கை விடுவித்து, பிடி தளர்வாகத் தொங்கும்படி வைத்து, அலகின் மேல் மட்டும் அடியுங்கள். அடி லாக்குக்குப் போகாது. விரல் குச்சி அளவு விறகுக்கு மேல் முயல வேண்டாம், அச்சாணி வளைந்துவிடும். முடித்ததும் 3-ஆம் படியிலிருந்து மறுபடி சோதியுங்கள்.