ஜீப் சஸ்பென்ஷனில் போல்ட் முறிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பேனரை இழுத்துக்கொண்டிருக்கும்போது கை திடீரென்று இலகுவாகி, போல்ட்டின் தலை மட்டும் சாக்கெட்டோடு வந்துவிட்டால் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். கருவியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சப் போல்ட் எதற்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஜிப்ஸி, பொலேரோ, தார், ஃபார்ச்சூனர், எந்த வண்டியானாலும் முறிந்த போல்ட் போனது போனதுதான். அதை மீட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் காப்பாற்ற வேண்டும்: சேசிஸ் பிராக்கெட், அதற்குள் வெல்டு வைத்த நட்டு, ஆக்ஸில் வார்ப்பில் உள்ள மரை. போல்ட்டை மீட்கும் வேகத்தில் இடத்தைக் கெடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

பிடித்திருப்பது மரைதான் என்று நினைப்பது

நட்டு சுலபமாகக் கழன்று வந்துவிடும். போல்ட் மட்டும் அசையாது. ஸ்பேனர் போட்டால் தலை கொஞ்சம் திரும்பும், விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். இது மரை பிடித்ததன் அறிகுறி கிடையாது. ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கை) முனையில் உள்ள ரப்பர் உருளையான புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. போல்ட்டின் வழவழப்பான உடல் அதற்குள் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் திருப்பும்போது குழாயும் சேர்ந்து திரும்பி ரப்பரை முறுக்குகிறது, விட்டதும் ரப்பர் இழுத்துக்கொள்கிறது.

இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும். போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையே இருந்த முடியளவு இடைவெளியை அந்தத் துரு இறுக்கி அடைத்துவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை இரண்டு முனையிலும் அடித்தாலும் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேராது. தனுஷ்கோடி, தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளில் ஓடும் வண்டிகளிலும், கடற்கரை மணலில் இறக்கிவிட்டு அடிப்பகுதியைக் கழுவாமல் நிறுத்தும் வண்டிகளிலும் இதை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்த நிலையில் ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி இழுப்பது முதல் தவறு. தலை முறியும், அல்லது பிராக்கெட் வளையும். நட்டைக் கழற்றிவிட்டு மரை முனையில் நேரடியாகச் சுத்தியலால் அடிப்பது இரண்டாவது. முனை காளான்போல் விரிந்துவிட்டால் பிறகு அது எந்த ஓட்டை வழியாகவும் வராது. அடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் நட்டைப் போல்ட் முனையோடு சமமாக வரும்வரை திருகி, பித்தளைக் கம்பியை மேலே வைத்து அடியுங்கள். பத்துப் பதினைந்து அடியில் நகராவிட்டால் அது அப்படி வராது.

புஷ்ஷைக் காப்பாற்ற நினைத்துத் துருவோடு போராடுவதைவிட அறுத்துவிடுவது நல்லது. புஷ்ஷின் முகத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும், குழாயோடு சேர்த்துப் போல்ட்டை வெட்டினால் ஆர்ம் கையோடு வெளியே வந்துவிடும். முன்பின் ஓடும் ரம்பத்தில் பைமெட்டல் பிளேடு என்றால் அங்குலத்துக்கு 14 முதல் 18 பல்; கார்பைடு பல் பிளேடும் போடலாம்; மெதுவான வேகம். 10.9 தர (உயர்பலத்) போல்ட்டை வேகமாக அறுத்தால் அரை நிமிடத்தில் பிளேடு மொட்டையாகிவிடும். இடம் இருந்தால் 1 மி.மீ. டிஸ்க் போட்ட கிரைண்டர் போதும். பிராக்கெட்டின் உள்முகத்தில் டிஸ்க் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பரைக் கேஸ் வெல்டிங்கில் எரித்து எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. விஷப்புகை ஒரு பக்கம், அருகிலேயே கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் இன்னொரு பக்கம். வேண்டாம்.

இதனால்தான் போல்ட், நட்டு, புஷ் மூன்றையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்கிறோம். ஃபார்ச்சூனரின் முன் லோயர் ஆர்மில் வீல் அலைன்மென்டுக்கான கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மின் இடத்தை நகர்த்தும் போல்ட்) இருக்கிறது. அதை அறுக்க நேர்ந்தால் கேம் தட்டுகளும் புதிதாக வேண்டும். அறுக்கும் முன் கேம் நின்ற கோட்டைப் பிராக்கெட்டில் கீறி வைத்தால், வண்டியை அலைன்மென்ட் கடைவரை ஓட்டிப் போக அந்த அடையாளம் உதவும்.

சுமையை இறக்காமல் திருகுவது

துருவே இல்லாத போல்ட்கூட, பக்கவாட்டில் சுமை அழுத்தினால் இறுகி நிற்கும். சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்ஸிலுக்கோ ஆர்முக்கோ அடியில் தனி ஜாக்கி கொடுத்து அரை அங்குலம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு உயரத்தில் சுமை சமமாகிப் போல்ட் லேசாக ஆடும். கழற்ற வேண்டிய உயரம் அதுதான். ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸும் ஆக்ஸில் மூச்சுக்குழாயும் இழுபட்டு அறுந்துபோகும்.

காயில் ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் பிடிக்காமல் கீழ் ஆர்ம் போல்ட்டை அறுப்பது உயிரைப் பணயம் வைப்பது. டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) உள்ள பழைய தார் போன்ற வண்டிகளில் அட்ஜஸ்டர் போல்ட்டின் வெளியே தெரியும் நீளத்தை முதலில் அளந்து எழுதிக்கொண்டு, முறுக்கை முழுக்க இறக்கிய பிறகே மற்ற போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் படுக்கக் கூடாது.

அவசரமாகத் திருகுவது

மரை வெளியே தெரிந்தால் முதலில் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துருத்தூளும் மண்ணும் நட்டுக்குள் இழுபட்டுத்தான் பாதி வழியில் இறுகுகிறது. ஸ்ப்ரேயை முதல் நாள் இரவே அடித்து, காலையில் மறுபடி அடியுங்கள். ஆறு முனை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். அசைந்ததும் ஒரே இழுப்பாகக் கழற்றப் பார்க்காதீர்கள். கால் சுற்று தளர்த்தி, எட்டில் ஒரு பங்கு இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு மறுபடி தளர்த்த வேண்டும். கையில் கனம் கூடிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே மரை உரிகிறது, திரும்ப இறுக்கும் திசையில் கொஞ்சம் போங்கள். இம்பாக்ட் கன்னின் சிறுசிறு அதிர்வு, பெரிய போல்ட்டில் பைப் போட்டு இழுப்பதைவிட நல்லது. ஆனால் எம்10 (10 மி.மீ. விட்டம்), அதற்குக் குறைந்த அளவுகளில் முழு வேகத்தில் வைத்தால் நொடியில் முறித்துவிடும்.

சூட்டைத் தப்பான இடத்தில் வைப்பது

சூடு வைக்க வேண்டியது நட்டுக்கு. அது விரிந்தால்தான் பிடி தளரும். போல்ட்டைச் சூடாக்கினால் போல்ட் பருத்து இன்னும் இறுகும். 8.8, 10.9 தரப் போல்ட்டுகள் 425 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் பதம் செய்யப்பட்டவை. சிவக்கும் அளவுக்குச் சூடு போனால் அந்தப் பதம் போய்விடும், பழைய பலம் திரும்பாது. ஆகவே சூடு கண்ட போல்ட்டையும் நட்டையும் மறுபடி மாட்டவே கூடாது. ஸ்பிரிங் பட்டையில் சூடு படவே கூடாது; பட்ட இடம் பலம் இழந்து பின்னாளில் முறியக்கூடும்.

ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிலவகை பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அது உலராத இடத்தில் தீயோ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சுத்தம் செய்த இடம் முழுக்க உலர்ந்த பிறகே சூடு. எண்ணெய் ஸ்ப்ரே ஊறிய இடமும் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

எடுத்த எடுப்பில் ஈஸி அவுட்டை நுழைப்பது

தலை முறிந்து மரைக்குள் தண்டு மாட்டிக்கொண்டால் பலரும் முதலில் தேடுவது, தண்டின் நடுவில் துளையிட்டு நுழைத்துத் திருப்பும் கூம்பான ஈஸி அவுட்டைத்தான். நம் கருத்தில் அது கடைசி வழி. முழுத் தடிமனான ஸ்பேனருக்கு அசையாமல் முறிந்த போல்ட், அதன் நடுவில் நுழைத்த மெல்லிய கூம்புக்கு எப்படி அசையும்? அதோடு அந்தக் கூம்பு உள்ளே நுழைய நுழையத் தண்டை வெளிப்பக்கம் விரித்து இன்னும் இறுக்குகிறது. அது மிகக் கடினமான, நொறுங்கும் இரும்பு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும்; கார்பைடு பர் வைத்து அரைப்பதோ ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும்) பட்டறைக்குத் தூக்கிப் போவதோதான் மிச்சம்.

தண்டு மேற்பரப்புக்கு வெளியே சற்றே நீட்டிக்கொண்டிருந்தாலும், சமமாக இருந்தாலும் நட்டு வெல்டிங்தான் நல்ல வழி. அதே அளவு அல்லது ஒரு அளவு பெரிய நட்டைத் தண்டின்மேல் வைத்து, ஓட்டைக்குள் மிக் வெல்டிங்கால் நிரப்புங்கள். வெல்டிங் சூட்டில் தண்டு விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி உடையும். ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, இளஞ்சூட்டில் முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுங்கள். முதல் நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளராமல் அடுத்ததை வையுங்கள். இரண்டு மூன்று தடவைகூட ஆகும், ஒவ்வொரு சூடும் பிடியைத் தளர்த்துகிறது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பைத் தண்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

வெல்டிங் முடியாத இடத்தில் டிரில் போடலாம். இதில் தோற்பவர்கள் எல்லோரும் தொடக்கத்திலேயே, நடுப்புள்ளியில் தோற்கிறார்கள். முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும். அதைச் சமமாக அரைக்காமல் பஞ்ச் வைத்தால் டிரில் ஓரத்துக்கு ஓடும். தண்டு குழிக்குள் ஆழத்தில் முறிந்திருந்தால், குழிக்குள் சரியாக அமரும் வெளிவிட்டமும் 4 மி.மீ. துளையும் உள்ள வழிகாட்டிக் குழாயை லேத்தில் கடைந்து வாங்குங்கள். அந்தச் செலவு வீண்போகாது. கோபால்ட் பிட், முதலில் 3 அல்லது 4 மி.மீ., பிறகு படிப்படியாக. வேகம் 3 மி.மீ.க்குச் சுமார் 1000 ஆர்பிஎம், 8 மி.மீ.க்கு 350 முதல் 400. வெட்டும் எண்ணெய் விட்டு, சுருள் வரும்படி அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாமல் சுழலவிட்டால் பிட் தேய்ந்து கீச்சிடும், தண்டின் முகமும் கடினமாகிவிடும். இடப்பக்கம் சுழலும் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள். துளையிடும்போதே தண்டு கழன்று வந்துவிடுவது உண்டு.

கடைசித் துளை எம்8 × 1.25-க்கு (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி) 6.8 மி.மீ., எம்10 × 1.5-க்கு 8.5, எம்10 × 1.25-க்கு 8.8, எம்12 × 1.75-க்கு 10.2, எம்12 × 1.25-க்கு 10.8. இதைத் தாண்டக் கூடாது. மிஞ்சும் மரைச்சுருளை ஊசிமுனையால் உரித்தெடுத்து, டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள். எம்10-இல் 1.25, 1.5 என இரண்டு மரையும் புழக்கத்தில் உண்டு. பிட்ச் கேஜ் (மரை இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பார்க்காமல் டேப் விட்டால் நல்ல மரையையும் அழித்துவிடுவீர்கள்.

சேசிஸுக்குள் சுற்றும் நட்டு

பெட்டிச் சேசிஸின் உள்ளே வெல்டு வைத்த நட்டு பிய்ந்து போல்ட்டோடு சுற்ற ஆரம்பித்தால், எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. உள்ளே போக ஜன்னல் வெட்டித்தான் ஆக வேண்டும். அதை எங்கே வெட்டுவது என்பதில் பெரிய தவறு நடக்கிறது. சேசிஸ் வளையும்போது மேல்முகமும் கீழ்முகமும்தான் அதிகம் இழுபடும், அழுந்தும். அவற்றில் வெட்டினால் பின்னாளில் அந்த மூலையிலிருந்தே விரிசல் ஓடும். பக்கச்சுவரில், நடு உயரத்தில், ஸ்பேனர் நுழையும் அளவு மட்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். வேலை முடிந்ததும் அதே தடிமன் தகட்டால் மூடி வெல்டு வைத்து, உள்ளேயும் வெளியேயும் துருத்தடுப்பு பூசுங்கள்.

சென்டர் போல்ட், யு போல்ட்

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில், பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் முறிந்தால் ஆக்ஸில் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்து, வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடும். புதுப் போல்ட் போட்டுவிட்டு அதோடு விடுவதுதான் வழக்கமான தவறு. சென்டர் போல்ட்டின் வேலை ஆக்ஸிலுக்கு இடம் காட்டுவது. பட்டைகளை இறுக்கிப் பிடிப்பது யு போல்ட். யு போல்ட் தளர்ந்தால்தான் பட்டைகள் நகர்ந்து சென்டர் போல்ட்டை வெட்டும். அதனால் யு போல்ட்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் அதே வேலை திரும்ப வரும். யு போல்ட் இறுக்கும்போதே நீளும் பொருள். ஒருமுறை கழற்றியதை மறுபடி மாட்டாதீர்கள். ஒன்று முறிந்தால் அந்த ஆக்ஸிலில் உள்ள நான்கையும் மாற்றுங்கள்.

சென்டர் போல்ட்டை அறுக்கும் முன் அதன் இரு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால், பிடி இல்லாமல் அறுத்தால் தெறித்து விரியும். புதியதன் தலை ஆக்ஸில் தட்டின் குழியில் சரியாக அமரும் விட்டமா என்றும் பாருங்கள்.

ஹார்டுவேர் கடைப் போல்ட்

முறிந்த துண்டைத் தூக்கிப் போடும் முன் அதன் முகத்தைப் பாருங்கள். அலை ஒதுங்கிய கோடுகள்போல் வளைவு வளைவாகத் தெரிந்தால், போல்ட் தளர்ந்து ஆடி ஆடி, நாள்பட்டு முறிந்தது. பிராக்கெட் ஓட்டை முட்டை வடிவாகியிருக்கிறதா என்று சோதியுங்கள். இழுபட்டுக் கழுத்து மெலிந்திருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள்.

புதியது அதே தரத்தில் இருக்க வேண்டும். 10.9 என்றால் இழுவலு 1000 மெகாபாஸ்கல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை 900. 8.8-க்கு அவை 800, 640. கடலோரத்தில் துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகத்துக்கு 700, 450தான். அது 8.8-ஐயும் எட்டாது. முழு நீளமும் மரை வெட்டிய போல்ட்டும் கூடாது. மரை பிராக்கெட் ஓட்டையில் அரம்போல் அராவி ஓட்டையைப் பெரிதாக்கும். பிராக்கெட்டுக்குள் வழவழப்பான உடல்தான் அமர வேண்டும். நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு) ஒருமுறைக்குத்தான்.

துருவேறி ஒட்டாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையைப் போல்ட்டின் உடலில், புஷ் குழாய்க்குள் போகும் பகுதியில் தாராளமாகப் பூசுங்கள். மரையில் பூசினால் உராய்வு குறைந்து, மேனுவலில் சொன்ன டார்க்குக்கே (இறுக்கும் முறுக்கு அளவு) போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். அந்த அளவுகள் பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானவை.

ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கி முடிக்காதீர்கள். அந்த நிலையிலேயே ரப்பர் பிடிபட்டு, வண்டி தரையில் இறங்கியதும் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கையிறுக்கமாக விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி இரண்டு முறை அழுத்தி ஆட்டிய பிறகு டார்க் ரென்ச் போடுங்கள். யு போல்ட் நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, மூன்று நான்கு சுற்றில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 முதல் 1000 கி.மீ.க்குள் மறுமுறை டார்க் பார்த்து, நட்டிலும் தட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது.