காராய் விக்டோரியா பாலத்துக்குப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பினாங்கிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். கோலகங்சார் பக்கத்தில், பேராக் ஆற்றின் மேல் 1900இல் திறந்த ஒற்றைத் தண்டவாள இரும்புப் பாலம் இது. ரயில் நின்றது 2002இல். இப்போது நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். ஆனால் ஓரப்பாதை ஒடுக்கம், கம்பத்துக்காரர்கள் (கிராமத்து ஆட்கள்) மோட்டார் சைக்கிளிலும் வருவார்கள். செல்ஃபிக்காக வழியை மறிக்காதீர்கள்.

பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். மின்ரயில் ஏறிக் கோலகங்சாரில் இறங்குங்கள். அங்கிருந்து காராய்க்கு வண்டி பிடிக்கும்போதே திரும்புவதற்கும் பேசிவிடுங்கள்; செயலியில் அழைக்கும் கிரேப் வாடகைக் கார் வரும் என்று நம்பிப் பாலத்தடியில் காத்திருக்க வேண்டாம். வெயில் ஏறுமுன் போனால் நல்லது, இரும்பு சுடும். கரைக்கு இறங்கிச் செங்கல் தூண்களைப் பார்க்காமல் வராதீர்கள், எனக்குப் பாலத்தைவிட அவைதான் பிடித்தவை. பக்கத்துப் புதுப் பாலத்தில் ரயில் கடக்கும். கேமராவைக் கையில் வைத்திருங்கள்.