ட்ரம்ஸ்: வாத்தியார் இல்லாமல் பழகும்போது எங்கே சறுக்குகிறோம்

எங்கள் பக்கத்தில் இப்போது ட்ரம்ஸ் பழகும் பிள்ளைகள் நிறைய. பெரும்பாலோருக்கு வாத்தியார் கிடையாது. போனில் வீடியோ, வீட்டில் ஒரு பிராக்டிஸ் பேடோ எலெக்ட்ரானிக் கிட்டோ, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலோ கல்லூரி பேண்டிலோ கிடைக்கிற வாய்ப்பு, அவ்வளவுதான். நான் பழகிய காலத்தில் வீடியோ இல்லை, கேசட் இருந்தது. மற்றபடி வழி அதேதான், தடுக்கி விழுகிற இடங்களும் அதேதான். அவர்கள் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டாலே இது எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்காதே, ஸ்டூலை உன் உயரத்துக்கு வை, தோளைத் தூக்காதே என்பதையெல்லாம் எந்த வீடியோவும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாட்டைப் போட்டுக்கொண்டு வாசிப்பதே பயிற்சி என்று நம்புவது

இந்த ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் ஆற்றாமை தீரவில்லை. எத்தனையோ நல்ல கைகள் இதனாலேயே வருடக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்போனில் பாட்டு ஓடுகிறது, நீங்கள் கூடவே வாசிக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. ஏன் நன்றாக இருக்கிறது? பாட்டுக்குள் ஏற்கெனவே ஒரு ட்ரம்மர் வாசித்துக்கொண்டிருக்கிறார். காலத்தைப் பிடித்துக்கொண்டு போவது அவர்தான். ஸ்நேரில் (முன்னால் இருக்கும், சுள்ளென்று ஒலிக்கும் ட்ரம்) உங்கள் அடி ஒரு இழை முந்தினாலும் பிந்தினாலும் அவருடைய அடி அதை மூடிவிடும். அதிலும் இப்போதைய பதிவுகள் பெரும்பாலும் க்ளிக்கை (மெட்ரோனோம் என்ற காலம் காட்டும் கருவியின் சீரான ‘டிக் டிக்’) வைத்து வாசித்து, கம்ப்யூட்டரில் கட்டத்துக்குள் அடி பிசகாமல் உட்கார வைத்தவை. அந்தப் பாட்டு ஆடாது, அசையாது. நீங்கள் ஆடுவது உங்கள் காதுக்கே எட்டாது.

பேண்டில் உட்கார்ந்தவுடன் நிலைமை தலைகீழ். அங்கே கீபோர்டு, பேஸ், பாடுகிறவர் எல்லோரும் உங்களைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாதக்கணக்கில் பின்னால் போகவே பழகிய ஒருவரிடம் திடீரென்று முன்னால் நடக்கச் சொல்கிறார்கள்.

ஒரு தம்பியைச் சொல்கிறேன். நல்ல கை, நல்ல காது. வீட்டில் அவன் வாசித்துப் பதிவு செய்து அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. சர்ச்சில் முதல் முறை கொயரோடு உட்கார்ந்தான். பாட்டு சுமார் 80 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 80 எண்ணிக்கையில், நிதானமாகத் தொடங்கியது. முதல் வரி சரி. இரண்டாவது வரியின் முடிவில் பீட்டை விட்டுவிட்டு ட்ரம்களைச் சுற்றி ஒரு ரோல் போட்டான்: ஸ்நேரில் நாலு, முதல் டாம் ட்ரம்மில் நாலு, அடுத்த டாமில் நாலு, ஃப்ளோர் டாமில் நாலு. பாடுகிறவர்கள் வரியின் கடைசி எழுத்தை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் இவன் க்ராஷ் சிம்பலில் வந்து இறங்கிவிட்டான். கொயர் மூச்சு வாங்க இடமில்லாமல் அவன் பின்னால் ஓடியது. அடுத்த ரோலில் இன்னும் கொஞ்சம் ஓடியது. கடைசிச் சரணத்துக்கு வரும்போது அது வேறு பாட்டு மாதிரி ஆகிவிட்டது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் திரும்பிப் பார்த்து, “தம்பி, எங்கப்பா ஓடுற?” என்று மட்டும் கேட்டார். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சரியாக வாசித்ததாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

டெம்போ எங்கே ஓடியது என்று கவனியுங்கள். பீட் வாசிக்கும்போது பெரிதாக ஓடவில்லை, ரோலில்தான் ஓடியது. பீட்டில் வலது கை ஹை-ஹேட்டில் (பெடலோடு வரும் ஜோடி சிம்பல்) விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது, கிக் என்ற பெரிய ட்ரம்மை மிதிக்கும் கால் இறங்கிக்கொண்டிருக்கிறது. ரோல் தொடங்கியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. கைகள் டாம்களின் மேல் போய்விட்டன, கால் சும்மா இருக்கிறது. காலத்தைச் சொல்ல உடம்பில் ஒரு பாகம்கூட மிச்சமில்லை. படபடப்பில் கை தானாக முந்திவிடும். வீட்டில் அந்த இடத்தைப் பாட்டு தாங்கிப் பிடித்தது, சர்ச்சில் பிடிக்க ஆளில்லை.

அந்தத் தம்பியை முதலில் செய்யச் சொன்னது, ரோல் போடும்போது இடது காலை நிறுத்தாதே என்பதுதான். ஹை-ஹேட் பெடலை ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை எங்கே போனாலும் கால் அதே இடத்தில் ‘சிக், சிக்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் கையும் காலும் ஒன்றையொன்று இழுக்கும். 60 டெம்போவில் மூன்று பார் (நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) பீட், ஒரு பார் ரோல் என்று மாற்றி மாற்றி வாசித்தால் ஒரு கட்டத்தில் பிரிந்து நிற்கும்.

இரண்டாவது, வாய்விட்டு எண்ணுவது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான்குமே இரண்டிரண்டு அசை: ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. ஹை-ஹேட்டின் எட்டு அடியும் அதிலேயே வந்துவிடுகின்றன. ஒரு எண்ணிக்கைக்கு நாலு அடி வேண்டும் என்றால் தகதிமி, மூன்று வேண்டும் என்றால் தகிட. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு இதை வாயில் சொல்லாமல் வாசிப்பது பெரிய நஷ்டம். எண்ணிக்கொண்டே ஒரு ரோலை வாசிக்க முடியவில்லை என்றால் அந்த ரோல் இன்னும் உங்களுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மெட்ரோனோம். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் க்ளிக் கேட்டுக்கொண்டே வாசித்தால் பாட்டின் மேல் சாய்ந்ததுபோல் க்ளிக்கின் மேல் சாய்ந்துவிடுவோம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக க்ளிக்கைக் குறைக்க வேண்டும். 80-ல் வாசிக்கும் பீட்டுக்கு மெட்ரோனோமை 40-ல் வைத்து, வருகிற க்ளிக்கை 2, 4 என்று ஸ்நேர் விழும் இடங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். அது பழகியதும் 20-ல் வைத்தால் ஒரு பாருக்கு ஒரே க்ளிக். இன்னும் ஒரு படி மேலே போனால், சில ஆப்களில் நாலு பார் க்ளிக், அடுத்த இரண்டு பார் மௌனம் என்று வைக்கலாம். மௌனம் முடிந்து க்ளிக் திரும்பி வரும் அந்த நொடியில் உங்கள் அடி அதன் மேலேயே விழுகிறதா, முன்னால் விழுகிறதா? இதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தெரியாது.

நான்காவது, ஏதாவது ஒரு பீட்டை எந்தத் துணையும் இல்லாமல் மூன்று நிமிடம் வாசித்து போனில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் என்ன டெம்போ, முடிவில் என்ன டெம்போ என்று மெட்ரோனோம் ஆப்பில் விரலால் தட்டிப் பாருங்கள். 84-ல் தொடங்கி 92-ல் முடிந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மறுபடி வாசியுங்கள்.

பாட்டோடு வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாட்டின் அமைப்பு, எங்கே அடங்க வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபடும். ஆனால் காலம் அதில் வராது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதில் பாதியாவது பாட்டை நிறுத்திவிட்டு வாசியுங்கள். ஓடிப் பழகிய கையைத் திருப்பிக் கொண்டுவர, புதிதாகப் பழகியதைவிட அதிக காலம் பிடிக்கும். அந்தத் தம்பி அதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டான்.

40 ரூடிமென்டையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்ப்பது

ரூடிமென்ட் என்பது கைகளுக்கான அடிப்படை அடிக்கோர்வை. பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டியின் பட்டியலில் 40 இருக்கின்றன. முதல் வருடத்துக்கு சிங்கிள் ஸ்ட்ரோக், டபுள் ஸ்ட்ரோக், பாராடிடில், ஃப்ளாம் என்று நாலே போதும். பாராடிடிலை (வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது) இரண்டு கையும் ஒரே சத்தத்தில் பேசும்வரை பேடில் வாசித்துவிட்டு, அப்புறம் வலது கையை ரைடு சிம்பலுக்கும் இடது கையை ஸ்நேருக்கும் பிரித்துப் பாருங்கள். ஒரு முழு பீட்டே கிடைக்கும்.

4/4-ஐ மட்டும் பழகுவது

வீடியோக்கள் அனேகமாக 4/4-ல், அதாவது நாலு நாலாக எண்ணும் ராக் பீட்டில் தொடங்கி ராக் பீட்டிலேயே முடிகின்றன. அதையே பழகிவிட்டு இங்கே ஒரு மேடையில் ஏறினால், இரண்டாவது பாட்டோ மூன்றாவது பாட்டோ 6/8-ல் (மூன்று மூன்றாக ஆறு எண்ணும் நடை) வந்து நிற்கும். நாட்டுப்புற மெட்டு, சினிமா மெலடி, சர்ச் கீர்த்தனை என்று நம் காதில் விழுவதில் பெரும்பங்கு தகிட நடைதான். 4/4 மட்டும் தெரிந்தவர் அதன் மேல் தன் பழைய பீட்டைப் போடும்போது, ஸ்நேர் ஒவ்வொரு பாரிலும் வேறு வேறு வார்த்தையின் மேல் விழும். பாடுகிறவர் தடுமாறி நிற்பார், என்ன தப்பு என்று இருவருக்கும் விளங்காது.

அடிப்படை 6/8 கஷ்டமே இல்லை. ஹை-ஹேட்டில் ஆறும், கிக் 1-ல், ஸ்நேர் 4-ல். வாயில் ‘தகிட தகிட’. மெட்ரோனோம் க்ளிக்கை ஒவ்வொரு ‘த’வுக்கும் ஒன்று என்று வையுங்கள், ஆறுக்கும் வைக்காதீர்கள். ஆறுக்கும் வைத்தால் நடையின் அசைவு போய், வெறும் எண்ணிக்கைதான் மிஞ்சும். முதல் வாரத்திலிருந்தே 4/4-க்கும் 6/8-க்கும் சம நேரம் கொடுங்கள். பாட்டு கேட்கும்போதெல்லாம் இது நாலா ஆறா என்று தொடையில் தட்டிப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

வேகம்

60-ல் அசிங்கமாக இருப்பது 120-ல் அழகாகாது.

எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடிப்பது

எலெக்ட்ரானிக் கிட்டில் பழகியவர்களிடம் இது அதிகம். அங்கே ஹை-ஹேட்டை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மாட்யூலில் (கிட்டின் ஒலிப்பெட்டி) சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிஜ கிட்டில் அது நடக்காது. வலது கை வெறியோடு ஹை-ஹேட்டில் இறங்கும், கிக் கால் தயங்கித் தயங்கி மிதிக்கும். ஹாலில் கேட்கிறவர்களுக்கு வருவது ‘ட்சாங் ட்சாங்’ என்ற இரைச்சலும், அதற்கு அடியில் எங்கேயோ ஒரு பாட்டும்.

கிக்கும் ஸ்நேரும் மேலே, ஹை-ஹேட் அதற்குக் கீழே. வலது கைக்கு உயரத்தைக் குறைத்துப் பழக்குங்கள்: ஸ்டிக்கின் நுனி ஹை-ஹேட்டிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் எழக்கூடாது. ஸ்நேரின் 2, 4 அடிகளுக்கு மட்டும் இடது கை நன்றாக எழட்டும். கிட்டிலிருந்து தூரத்தில், ஹாலின் மறுமூலையில் போனை வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்.

உடைந்த ஸ்டிக்கை டேப் சுற்றி ஓட்டுவது

வேண்டாம். புதிதாக ஒரு ஜோடி 5ஏ (நடுத்தர தடிமன் ஸ்டிக்) வாங்குங்கள்.

காதை மூடாமல் வாசிப்பது

இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். மூடிய அறையில் நிஜ கிட் வாசித்தால் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. அப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான். உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. வாசித்து முடித்த இரவில் காதில் ‘ங்ஙீ’ என்று ரீங்காரம் கேட்டால், அது தானாக அடங்கிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது எச்சரிக்கை.

பஞ்சு வைப்பது போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்ப்ளக்கே அதைவிட எவ்வளவோ மேல். இசைக்காரர்களுக்கென்று வரும் ப்ளக் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, சிம்பலின் கூர்மை மங்காமல் சத்தம் மட்டும் குறையும். கிட்டின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று சாதாரண ஹெட்போனில் பாட்டைக் கூட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எலெக்ட்ரானிக் கிட் என்றால் கீழ்வீட்டுக்குக் கேட்காது என்று நினைப்பது

கேட்கும். வலை கட்டிய மெஷ் பேடின் சத்தம் சுவரைத் தாண்டாது, கிக் பெடலின் அதிர்வு தரை வழியாக நேராகக் கீழே இறங்கும். உங்கள் காதில் ஹெட்போன் இருப்பதால் அந்த ‘தொம் தொம்’ உங்களுக்கு மட்டும்தான் கேட்காது. புகார் வந்து, வீட்டில் சண்டையாகி, கிட்டை விற்றுவிட்ட பிள்ளைகள் உண்டு.

ஒரே அளவில் இரண்டு ப்ளைவுட் பலகை, நடுவில் டென்னிஸ் பந்துகள், அதன் மேல் கிட். பல ஊர்களில் ட்ரம்மர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பந்துகள் உருளாமல் இருக்க, அவை உட்காரும் இடத்தில் கீழ்ப்பலகையில் பந்தைவிடச் சின்னதாக வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். எடை அதிகம் விழும் கிக் பக்கத்தில் பந்துகளை நெருக்கமாக வையுங்கள். ஸ்டூலும் ஹை-ஹேட் பெடலும் அதே பலகையின் மேலேயே இருக்க வேண்டும், ஒன்று தரையில் ஒன்று பலகையில் என்றால் உட்காரும் உயரம் மாறிக் கால் வலிக்கும். முடித்த பிறகு ஒருமுறை கீழ்வீட்டுக்குப் போய் நின்றுகொண்டு, மேலே யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.