அருங்காட்சியகக் குறிப்புகளை ஏஐ துணையோடு எளிமையாக்குவது எப்படி?

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவ்வளவு அழகானவை குறைவு. அப்படிப்பட்ட சிலைக்குப் பக்கத்தில் ‘திரிபங்கம், பொ.ஆ. 11ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதினால் பள்ளிப் பிள்ளைக்கோ, ஒலிவழி கேட்கும் பார்வையற்றவருக்கோ என்ன விளங்கும்? இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு ஒரு குறிப்பை எழுதிப் பார்ப்போம். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என எந்த ஏஐ கருவி கையில் இருந்தாலும் சரி.

1. தகவலைச் சேகரியுங்கள். பழைய குறிப்பைத் தட்டச்சு செய்து, காப்பாட்சியரிடம் கேட்டு விடுபட்டதைச் சேருங்கள். உயரத்தை அளந்து எழுதுங்கள்.

2. இப்படிக் கேளுங்கள்: “கீழே உள்ள தகவல்களை மட்டும் வைத்து, ஏழாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி 50 சொற்களுக்குள் எழுது. புதிய தகவல் சேர்க்காதே. கலைச்சொற்களை நீக்காமல் பக்கத்திலேயே பொருள் சொல்.”

அந்த ‘மட்டும்’ மிக முக்கியம். அது இல்லையென்றால், சிலையைச் செய்வித்த அரசர் இன்னார் என்று ஏஐ தானாகவே ஒரு பெயரைச் சேர்த்துவிடக்கூடும். நமக்கு வேண்டியது இந்த மாதிரி:

“ஒரே உடலில் சிவனும் பார்வதியும். சிவன் பக்கம் இரண்டு கைகள், பார்வதி பக்கம் ஒரு கை. கழுத்து, இடுப்பு, முழங்கால் என மூன்று இடங்களில் உடல் வளைந்திருக்கிறது. இந்த நிலைக்குத் திரிபங்கம் என்று பெயர்.”

3. சிலைக்கு முன்னால் நின்று சரிபாருங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். வலப்பாதி சிவன் என்றால் அது சிலையின் வலம்; எதிரே நிற்கும் நமக்கு இடப்பக்கம். ஏஐ இதைச் சுலபமாக மாற்றிவிடும். பார்வையற்றவர் அந்த வரியை நம்பித்தான் மனத்தில் சிலையைக் கட்டுகிறார். அதனால் “சிலையின் வலப்பக்கம்” என்று முழுதாகவே எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் பாருங்கள். திருவெண்காடு முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம், 2020இல் மயிலாடுதுறை என்று மாறியது. பழைய நூல்களைப் படித்துப் பழகிய கருவி மூன்றில் எதையும் சொல்லலாம்.

4. ஒலிக்குறிப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அச்சுக் குறிப்பை அப்படியே வாசித்தால் போதாது. முதலில் உயரமும் உலோகமும், அப்புறம் தலையிலிருந்து பாதம் வரை என்று வரிசை சொல்லுங்கள். ‘பொ.ஆ.’ (பொது ஆண்டு) போன்ற சுருக்கங்களை, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் எழுத்து எழுத்தாகப் படிக்கக்கூடும். “ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்” என்று மாற்றச் சொல்லுங்கள்.

5. காப்பாட்சியர் ஒப்புதல் தந்ததும், பார்வையற்ற ஒருவரிடமும் ஒரு மாணவரிடமும் வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அந்த வரியை மட்டும் திருத்துங்கள். பிறகு வெளிர் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்தில் அச்சிடுங்கள். ஒலிக்கான கியூஆர் கோடை, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும் உயரத்தில், விரலால் தடவிக் கண்டுபிடிக்கும்படி மேடான விளிம்போடு ஒட்டுங்கள்.